காரைக்குடி: நின்று தின்ன வேண்டியதும் கட்டி எடுத்துவர வேண்டியதும்

காரைக்குடியின் ருசியைத் தெரிந்துகொள்ள வழிகாட்டி யாரும் தேவையில்லை. திங்கட்கிழமை பார்த்துப் போய் இறங்குங்கள், வயிற்றைக் காலியாக வைத்திருங்கள், கையில் சில்லறை இருக்கட்டும். மாசி மாதத்தில் நானும் என் மாமியாரும் திருச்சியிலிருந்து அப்படித்தான் போனோம். காலையில் தொடங்கி இருட்டும் வரை சந்தை, மளிகைக் கடை, பலகாரம் சுடும் வீடு, தெருவோரச் சட்டி என்று ஒவ்வோர் இடமாக ருசி பார்த்தோம். நான் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். மாமியார் தேவகோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். இருவரும் சாப்பாட்டு விஷயத்தில் கறாரானவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெரிய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் தங்கள் விருந்தினரைச் சந்தைக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது உதவும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அவசியமே இல்லை. கத்தரிக்காய் விற்கிற அம்மாவின் பக்கத்தில் கால் மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேச, அட்டவணையோடு வருகிற எந்த வழிகாட்டியும் விடமாட்டார். எதை எப்படிச் சமைக்க வேண்டும் என்று நான் அன்றைக்குக் கற்றதில் பாதி அந்தப் பேச்சில் கிடைத்ததுதான்.

கிளம்புமுன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர்த் தின்பண்டங்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். சட்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே தின்றுவிட வேண்டியவை ஒன்று. கட்டி வைத்தால் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பவை மற்றொன்று. இந்த வட்டாரத்து வணிகச் சமூகமான நகரத்தாரின் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறி, வட்டிக்கடை வைத்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிய காலம் உண்டு. போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கப் பலகாரம் வேண்டும். ஊரோ மழையை நம்பிய வறண்ட பூமி. காய் மலிந்த மாதத்தில் உப்புப் போட்டு வற்றலாக்கி வைத்தால்தான் மலியாத மாதத்தில் குழம்பு கொதிக்கும். பெரிய வீடுகளின் உள்முற்றமான வளவுகளில் மிளகாயும் வற்றலும் காய்ந்தது அதனால்தான். இந்தப் பாகுபாடு தெரியாமல் வருகிறவர்கள் வெள்ளைப் பணியாரத்தைப் பெட்டியில் அடைத்து ஊருக்கு எடுத்துப் போகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் இதற்கா இவ்வளவு பெயர் என்று கேட்கிறார்கள். பணியாரத்தின் மீது அதில் ஒரு குற்றமும் இல்லை.

சந்தைக்குள் ஏழரை மணிக்கு நுழைந்தோம். அதற்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன இட்லிக் கடையில் ஆளுக்கு இரண்டு இட்லியும் கத்தரிக்காய்க் கோஸ்மல்லியும். சாம்பாரே கேட்காதீர்கள். வேகவைத்துத் தோலுரித்து மசித்த கத்தரிக்காயும், கரைத்த புளியும், சின்ன வெங்காயமும், கீறிய பச்சை மிளகாயும் சேர்ந்த அந்தக் கோஸ்மல்லி ஒன்றே போதும். கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். இட்லி அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள்.

திங்கட்கிழமைச் சந்தை பெரிய சந்தை. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சாக்கை விரித்துக் காய்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். முறம், அரிவாள்மனை, மண்சட்டி, நாட்டுக்கோழி, கருவாடு எல்லாம் ஒரே வளாகத்துக்குள். உள்ளே போனதும் வாங்கத் தொடங்கிவிடாமல் முதலில் ஒரு சுற்று சும்மா நடந்து பாருங்கள். எங்கே என்ன புதிதாக இருக்கிறது, எந்த அம்மா வாடிக்கைக்காரர்களோடு சிரித்துப் பேசுகிறார் என்று அந்த ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ருசி பார்க்கக் கிடைப்பது பருவத்தைப் பொறுத்தது. நாங்கள் போனபோது கொடுக்காப்புளி வந்திருந்தது, பனங்கிழங்கு முடிகிற நேரம். அவித்த கிழங்கைக் கட்டாக வைத்திருந்த பாட்டியிடம், நார் அதிகமா என்று மாமியார் கேட்டார். "பிய்த்துத் தின்று பார் தாயி, பிடித்தால் காசு கொடு" என்றார் அவர். தின்றோம், கொடுத்தோம். கோடையில் போகிறவர்களுக்கு நுங்கும், ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாவும் கிடைக்கும்.

நான் நெடுநேரம் நின்றது மிளகாய்க் குவியலில். இங்கே நீள மிளகாயைவிட இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்குத்தான் மரியாதை. முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். வாங்கும்போது காம்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் பளபளவென்று அடர்சிவப்பாக இருக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். கலகலக்காத மிளகாய் சரியாகக் காயவில்லை என்று பொருள், ஒரு மாதத்தில் பூசணம் பிடித்துவிடும். விற்கிறவர் முன்னாலேயே ஆட்டிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் கையில் இருந்ததை வாங்கி வைத்துவிட்டு வேறொரு சாக்கின் அடியிலிருந்து அள்ளிக் கொடுத்தார் அந்த வியாபாரி. சமைக்கிறவள் என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

அடுத்த சாக்கில் வற்றல்கள். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் எங்கும் கிடைக்கும். இங்கே வாங்க வேண்டியது மாவற்றல். மாங்காயை உப்பிட்டுக் காயவைத்த துண்டுகள். கருத்துச் சுருங்கி, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டால் முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு. கருவாட்டுக் குழம்பில் இரண்டு துண்டு போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொன்னார். வீட்டில் செய்து பார்த்தேன், உண்மைதான். கருவாட்டை மட்டும் மணல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சந்தையின் குறைகளையும் சொல்ல வேண்டும். வயதானவர்கள் உட்கார ஓர் இடம் இல்லை. கழிப்பறைக்கு வெளியே வந்து தேட வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. எழுபதைத் தொடும் மாமியாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, ஒரு பூக்காரம்மா தன் முக்காலியைக் கொடுத்து உட்காரவைத்தார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்பதரைக்குள் சந்தையை முடித்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகு மளிகைக் கடை. சமைக்கிறவர்கள் இந்தப் பயணத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி: இவற்றில் ஒன்றுகூட இந்தச் செம்மண் காட்டில் விளைவதில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, வியாபாரிகளின் ஊர் என்பதால் அடுப்படி வரை வந்தவை. செட்டிநாட்டு மசாலா என்று தூளாக விற்கிற பொட்டலத்தை வாங்காதீர்கள். அரைத்து வைத்த தூளில் பாதி வாசம் போய்விட்டிருக்கும். முழுசாக வாங்கி, வேண்டும்போது வறுத்து அரையுங்கள்.

கல்பாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி அது. காய்ந்த இதழின் ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பு. கடைக்காரர் மூன்று தரத்தைத் தனித்தனித் தாளில் கொட்டிக் காட்டினார். மலிவானதில் மரப்பட்டைத் துணுக்கும் தூசியும் பாதிக்குப் பாதி. நடுத்தரத்தில் இதழ்கள் நொறுங்கியிருந்தன. உயர்ந்ததில் இதழ் இதழாக, மடக்கினால் உடனே ஒடியாமல் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. மோந்து பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், லேசான மக்கல் வாடை, அவ்வளவே. அதனால் மூன்றிலும் கொஞ்சம் வாங்கிவந்து, வீட்டில் ஒரே அளவு சூடான நல்லெண்ணெயில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். உயர்ந்தது எண்ணெயைத் தொட்டதும், மழையில் நனைந்த விறகு பற்றிக்கொண்டதுபோல ஒரு வாசம் வீடு முழுக்க எழுந்தது. நடுத்தரத்தில் அந்த வாசம் வந்தது, நிற்கவில்லை. மலிவானதில் பட்டைத் துணுக்கு கருகிக் கசப்புத்தான் மிஞ்சியது. ஒரு கிலோ கறிக்கு இரண்டு மூன்று இதழ்தான் போடுகிறோம். இவ்வளவு குறைவாகச் செலவாகிற பொருளில் மலிவைத் தேட வேண்டியதில்லை. அதிகம் போட்டாலும் கசக்கும்.

மராட்டி மொக்கையும் அங்கேயே வாங்கினேன். இலவ மரத்தின் காய்ந்த மொட்டு அது. திருச்சியில் எனக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாகவும் புழு இல்லாமலும் இருந்தது.

அதே கடையில் கவுனி அரிசியும் உண்டு. பர்மாவோடு இருந்த தொடர்பில் இந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த கறுப்பு அரிசி. நகரத்தார் திருமண விருந்தில் இலையின் ஓரத்தில் இனிப்பாக வைக்கிறார்களே, அது இதில் செய்ததுதான். ஓர் இரவு முழுக்க ஊற வேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். அரிசி மலர்ந்து குழைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாது. பிறகு தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய். கடைகளில் கவுனி அரிசி இனிப்பு என்று கொடுத்ததை இரண்டு இடத்தில் சாப்பிட்டோம், இரண்டிலும் சர்க்கரை தூக்கலாக இருந்து அரிசியின் மணத்தை மறைத்துவிட்டது. இதை வீட்டில் செய்வதுதான் சரி.

மதியச் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கியச் சாலையில் பெரிய பலகை வைத்த ஓர் உணவகத்துக்குப் போனோம். கோழியும் ஆடும் காடையும் ஒரே சிவப்புக் குழம்பில் மிதந்தன. மிளகுக் கோழியில்கூட மிளகைவிடச் சாயம் அதிகம். இலையில் மனம் நிறைந்த ஒரே பண்டம் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காயும் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக் கெட்டியாக வைத்திருந்தார்கள். அந்த மண்டிக்காக மறுசோறு வாங்கினார் மாமியார். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே கறியும் காரமும்தான் என்று நினைக்கிறவர்கள் மண்டியையும் இளங்குழம்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். கையில் பணம் இருந்து, முன்பதிவு செய்யவும் முடிந்தால், பழைய பங்களாக்களில் வாழையிலையில் போடுகிற மதிய விருந்தை ஒரு முறை சாப்பிடலாம். சந்தையைச் சுற்றுகிற அன்றைக்கே அது வேண்டாம், மாலைப் பலகாரத்துக்கு வயிற்றில் இடம் இருக்காது.

வெயில் தாழும் வரை முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பித்தளை முறுக்குக் குழல்களும் பர்மாக் காலத்து எனாமல் தூக்குகளும் அங்கே இருந்தன. விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் வேறொரு கடையில் பனையோலைக் கூடையான கொட்டான் இரண்டு வாங்கினேன். சீடையையும் முறுக்கையும் சுமந்து வர அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. பிளாஸ்டிக் பையில் நொறுங்குகிற பலகாரம் கொட்டானில் நொறுங்குவதில்லை.

பலகாரத்துக்கு வருகிறேன். சாலையோரத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி விற்கிற கடைகள் நிறைய. அவற்றில் ஒன்றில் சீப்புச் சீடை வாங்கிக் கடித்துப் பார்த்தோம், பழைய எண்ணெயின் சிக்கு வாடை. என்றைக்குச் சுட்டது என்று கேட்டதற்கு, "எல்லாம் புதிதுதான்" என்றார் கடைக்காரர். பொட்டலத்தில் தேதியே இல்லை. முழு விலை கொடுத்து வாங்குகிற பொருளுக்கு இது பெரிய அநியாயம். ருசி பார்க்கக் கொடுக்காத கடையில் எதையும் வாங்காதீர்கள்.

நல்ல பலகாரம் வீடுகளில் கிடைக்கிறது. தெருக்களுக்குள் நடந்து, இங்கே பலகாரம் சுட்டு விற்கிறவர்கள் யார் என்று இரண்டு பேரிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். நாங்கள் போன வீட்டில் திண்ணையைத் தாண்டிய கூடத்தில் நான்கைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து சீப்புச் சீடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவிலும் உளுத்தம் மாவிலும் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த மாவு. அச்சில் கோடு விழப் பட்டையாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு அறுத்து, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி நுனியை ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியாக இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன ஆச்சி, எண்ணெய்ச் சட்டியையும் திறந்து காட்டினார். அன்றைக்கு ஊற்றிய எண்ணெய், அடி தெரிந்தது.

அங்கே சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை, மணகோலம் வாங்கினோம். மணகோலம் திருமண வீட்டுப் பலகாரம். முறுக்காகப் பிழிந்து பொரித்ததை ஒடித்து, வறுத்த தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து, வெல்லப்பாகில் புரட்டுவது. பாகு பதம் தவறினால் பிசுபிசுத்துவிடும். இவர்கள் செய்தது உலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், மொறுமொறுப்புக் குறையாமல் இருந்தது. மாவுருண்டையில் மட்டும் எனக்கு ஒரு குறை. பாசிப்பருப்பை இன்னும் கொஞ்சம் சிவக்க வறுத்திருக்கலாம், நெய்யின் வாசத்துக்கு நடுவே லேசாகப் பச்சை வாடை தெரிந்தது. ஆச்சியிடமே சொன்னேன். "உருண்டை சிவந்தால் பிள்ளைகள் வாங்குவதில்லை அம்மா" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு தின்றபோதும் சீடை கடித்தால் நொறுங்கியது, தேங்காய்ப்பால் வாசம் அப்படியே இருந்தது.

நான்கரை மணிக்கு மேல்தான் இந்த ஊர் முழுமையாக விழிக்கிறது என்பேன். இடைப்பலகார நேரம் அது. தெருமுனைகளில் சட்டிகள் ஏறும். வெள்ளைப் பணியாரம் சுடுகிற ஓர் அம்மாவின் எதிரே நின்று முழுசாகப் பார்த்தேன். ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே எவ்வளவு உளுந்து கோபுரமாக நிற்குமோ அவ்வளவு உளுந்து: அளவு அவ்வளவுதான். சேர்த்து ஊறவைத்து நைசாக அரைத்த மாவில் உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும். குழிவான இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரே ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றுகிறார். அது அடியில் போய் ஒரு நொடி நின்று, பிறகு விரிந்துகொண்டே மேலே மிதந்து வருகிறது. கரண்டியால் சூடான எண்ணெயை அதன் தலைமேல் இரண்டு முறை அள்ளி விடுகிறார். நடு உப்பி எழும்புகிறது, ஓரம் மெல்லிய சல்லடையாகிறது. நிறம் மாறுவதற்கு முன் திருப்பிப் போட்டு எடுத்துவிட வேண்டும். அடுத்த கரண்டி மாவு அதற்குப் பிறகுதான். கூட்டம் நின்றாலும் ஒரு சட்டிக்கு ஒரு பணியாரம் என்ற கணக்கை அந்த அம்மா மாற்றவில்லை. அந்த ஒழுங்குக்காகவே அவருக்கு எத்தனை மதிப்பெண்ணும் கொடுப்பேன்.

கையில் வாங்கியதும் ஓரத்தைப் பிய்த்துத் தின்னுங்கள், மொறுமொறுவென்று இருக்கும். நடுப்பகுதி பஞ்சாக, சூடாக இருக்கும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. பூண்டும் புளியும் தக்காளியும் சேர்த்து அரைத்தது, காரம் நாக்கில் பட்டதும் பணியாரத்தின் அந்தச் சிட்டிகைச் சர்க்கரை எதற்கு என்று விளங்கும். அதே மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காயும் தாளித்துக் கொட்டிச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டால் மசாலாச் சீயம், அதுவும் அங்கேயே கிடைத்தது. கந்தரப்பம் இன்னொரு சட்டியில். வெல்லம் கொஞ்சம் முந்திக்கொண்டு கருகியிருந்ததால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: கட்டி எடுத்துவந்த பலகாரத்தையும் மளிகையையும் கழித்துவிட்டால், நாள் முழுக்க இரண்டு பேர் ருசி பார்த்ததற்கு ஆனது அதிகமில்லை, மதியச் சாப்பாடுதான் அதில் பெரும்பகுதி. புதுக்கோட்டை, திருமயம் வழியாகத் திருச்சிக்குப் பஸ் இருக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ்; ஞாயிறு இரவே வந்து தங்கிவிட்டால் சந்தை கைக்குக் கிடைக்கும்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். மளிகைக் கடை, பலகார வீடு, பணியாரச் சட்டி, இந்த வரிசையில் போகலாம். மிளகாயும் மாவற்றலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும், ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.